பித்தக்கற்கள்: உருவாகும் விதமும் உடலைப் பாதிக்கும் விதமும்



சமிபாட்டுத் தொகுதி பற்றிய விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒவ்வொரு வருடமும் இரண்டு பிழைகள் தவறாமல் கண்ணிற்படுகின்றன. “பித்தப்பையின் தொழில் யாது?” என்று கேட்டால் “பித்தத்தைச் சுரத்தல்” என்று எழுதுகிறீர்கள். “பித்தம் கொழுப்புச் சமிபாட்டுக்கு எவ்வாறு உதவுகின்றது?” என்று கேட்டால் “பித்தத்திலுள்ள நொதியங்கள் கொழுப்பை உடைக்கின்றன” என்று எழுதுகிறீர்கள். இரண்டுக்கும் புள்ளி கிடையாது. பித்தத்தைச் சுரப்பது ஈரல். பித்தப்பை அதைச் சேமித்துச் செறிவாக்கும் ஒரு சிறு பை மாத்திரமே. பித்தத்தில் சமிபாட்டு நொதியம் எதுவும் இல்லை.

இந்த இரண்டையும் சரியாக விளங்கிக்கொண்டவருக்குப் பித்தக்கல் என்னும் நோய் கடினமானதன்று. ஆனால் பரீட்சைக்காக மாத்திரம் இதனை எழுதவில்லை. “மேல்வயிறு நோகுது, காஸ்ரிக் தான்” என்று சொல்லிக்கொண்டு கடையில் வாங்கிய குளிசையோடு காலத்தைக் கடத்தும் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். படத்தைச் சரியாகக் கீறத் தெரிந்த பிள்ளை அவருக்கு ஒரு நல்ல கேள்வியைக் கேட்கலாம்.

பித்தம் செல்லும் பாதை

முதலில் ஒரு படம் கீறுவோம். கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றறையின் மேற்பகுதியில், வலப்புறமாக, விலா என்புகளுக்கு உட்பக்கமாக ஈரலைக் கீறுங்கள். அதன் கீழ்ப்புறத்தில் ஒட்டியபடி ஒரு சிறிய பேரிக்காய் வடிவப் பை. அதுவே பித்தப்பை. இதன் நீளம் ஏறத்தாழ 7 தொடக்கம் 10 சென்ரிமீற்றர். கொள்ளளவு 30 தொடக்கம் 50 மில்லிலீற்றர் வரை. ஒரு சிறிய தேநீர்க் குவளையின் பாதியைக்கூட நிரப்பாது.

ஈரலிலிருந்து ஒரு கான் கீழிறங்குகின்றது. பித்தப்பையின் கழுத்திலிருந்து இன்னொரு கான் வந்து அதனோடு சேருகின்றது. கவர் விட்ட தடியைத் தலைகீழாகப் பிடிக்காமல் நேராகப் பிடித்தால் எப்படி இருக்கும்? மேலே இரண்டு கிளை, கீழே ஒரு தண்டு. அந்தத் தண்டுதான் பொதுப் பித்தக்கான். அது கீழே சென்று, சதையியிலிருந்து வரும் சதையிக்கானுடன் சேர்ந்து, முன்சிறுகுடலினுள் ஒரு சிறு வாயிலாகத் திறக்கின்றது. இந்த வாயிலைப் படத்தில் தடித்த புள்ளியாகக் குறித்து வையுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

ஈரல் நாளொன்றுக்கு அரை லீற்றர் தொடக்கம் ஒரு லீற்றர் வரை பித்தத்தைச் சுரக்கின்றது. 50 மில்லிலீற்றர் கொள்ளும் பையில் இவ்வளவும் எப்படி அடங்கும் என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. பித்தம் முழுவதும் பைக்குச் செல்வதில்லை என்பது ஒரு விடை. மற்றைய விடை, பித்தப்பையின் சுவர் பித்தத்திலுள்ள நீரையும் சில உப்புக்களையும் அகத்துறிஞ்சி அதனைப் பன்மடங்கு செறிவாக்குகின்றது என்பதாகும். இந்தச் “செறிவாக்கல்” என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். கல் உருவாகும் கதை இங்கேதான் தொடங்குகின்றது.

நாம் கொழுப்புள்ள உணவை உண்டதும் அது முன்சிறுகுடலை அடைகின்றது. அப்போது குடற்சுவரிலிருந்து கொலிசிஸ்ரோகைனின் என்ற ஓமோன் குருதியிற் கலக்கின்றது. பெயரைப் பாடமாக்க வேண்டிய அவசியம் சாதாரண தரத்தில் இல்லை. இந்த ஓமோனின் கட்டளைப்படி பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளுகின்றது. பித்தவுப்புக்கள் பெரிய கொழுப்புத் துளிகளை மிகச்சிறு துளிகளாகப் பிரிக்கின்றன. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பது போன்ற செயல் இது. குழம்பாக்கம் எனப்படும். பின்னர் சதையியிலிருந்து வரும் இலிப்பேசு என்னும் நொதியம் அச்சிறு துளிகள்மீது தொழிற்படுகின்றது. பித்தம் வேலையை இலகுவாக்குகின்றது, நொதியம் வேலையை முடிக்கின்றது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். “பித்தம் கூடிவிட்டது, தலை சுற்றுது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்று கூறப்படும் பித்தம் தனியான ஒரு கருத்து. ஈரல் சுரக்கும் பச்சை கலந்த மஞ்சள் நிறத் திரவத்தை அது நேரடியாகக் குறிப்பதில்லை. விடைத்தாளில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

கல் எவ்வாறு உருவாகின்றது?

பனங்கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று வகுப்பில் கேட்பேன். இப்போது கைகள் குறைந்துவிட்டன. பதநீரைக் காய்ச்சிப் பாணியாக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, பல நாட்கள் அசைக்காமல் வைப்பார்கள். நூலைப் பற்றிக்கொண்டு பளிங்குகள் வளரும். இதற்கு மூன்று விடயங்கள் தேவை. கரைசலில் சீனி அளவுக்கு மிஞ்சி இருக்க வேண்டும். பளிங்கு தொடங்குவதற்குப் பற்றுக்கோடு ஒன்று வேண்டும். கரைசல் அசையாமல் தேங்கி நிற்க வேண்டும்.

பித்தப்பையினுள்ளும் இதே மூன்றுமே நடக்கின்றன. பித்தத்தில் கொலஸ்திரோல் உண்டு. கொலஸ்திரோல் நீரிற் கரையாது. பித்தவுப்புக்களும் லெசித்தின் என்ற பொருளும் சேர்ந்தே அதனைக் கரைந்த நிலையில் வைத்திருக்கின்றன. கொலஸ்திரோல் அளவுக்கு மிஞ்சினால் அல்லது பித்தவுப்பு குறைந்தால், மிகுதி கொலஸ்திரோல் நுண்பளிங்குகளாக வேறாகின்றது. பித்தப்பைச் சுவர் சுரக்கும் சீதம் நூலின் வேலையைச் செய்கின்றது. பை ஒழுங்காகச் சுருங்கி வெறுமையாகாவிட்டால் பித்தம் தேங்குகின்றது. மணல்மணி போலத் தொடங்கும் கல், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்ந்து சில சமயம் கோழிமுட்டை அளவையும் அடையலாம். ஒருவருக்கு ஒரே கல்லும் இருக்கலாம், நூற்றுக்கு மேற்பட்ட சிறு கற்களும் இருக்கலாம்.

கற்கள் எல்லாம் கொலஸ்திரோலால் ஆனவை அல்ல. செங்குருதிக் கலங்கள் அழியும்போது ஈமோகுளோபினிலிருந்து பிலிரூபின் என்ற நிறப்பொருள் உண்டாகின்றது. பித்தத்துக்கு நிறத்தைக் கொடுப்பது இதுவே. செங்குருதிக் கலங்கள் வழமைக்கு மாறாக விரைவாக அழியும் நோய்களில் பிலிரூபின் மிகையாகி, கல்சியத்துடன் சேர்ந்து கரிய சிறு கற்களாகப் படிகின்றது. தலசீமியா நோயுள்ள பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பித்தக்கல் காணப்படுவதற்குக் காரணம் இதுவாகும். பித்தக்கானில் பக்றீரியாத் தொற்று ஏற்படும்போது கபில நிறமான, மென்மையான மூன்றாவது வகைக் கல் உண்டாகலாம்.

யாருக்குக் கூடுதலாக ஏற்படுகின்றது? பெண்களுக்கு, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, உடற்பருமன் கூடியவர்களுக்கு, நீரிழிவு உள்ளவர்களுக்கு, குடும்பத்தில் இந்நோய் இருந்தவர்களுக்கு. பெண்களில் கூடுதலாக இருப்பதற்கு ஈஸ்திரசன் ஓமோன் பித்தத்திலுள்ள கொலஸ்திரோலின் அளவைக் கூட்டுவது ஒரு காரணம். கர்ப்ப காலத்தில் புரொஜெஸ்தரோன் பித்தப்பையின் சுருக்கத்தை மந்தமாக்குவது இன்னொன்று.

பலரும் எதிர்பாராத ஒரு காரணமும் உண்டு. மிக விரைவாக உடல் மெலிவதும் கல்லை உண்டாக்கும். பட்டினி கிடக்கும்போது உடற்கொழுப்புக் கரைந்து பித்தத்திற் கொலஸ்திரோல் கூடுகின்றது. உணவு வராததால் பையும் சுருங்குவதில்லை. கற்கண்டுப் பாத்திரம் போல ஆகிவிடுகின்றது. ஒரு நாள் விரதத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. உடம்பை மெலிய வைப்பதற்காக வாரக்கணக்கில் ஒன்றும் உண்ணாமல் இருக்கும் பிள்ளைகளுக்காகவே இதைச் சொல்கிறேன்.

கல் எங்கே நிற்கின்றது?

இப்போது முக்கியமான பகுதிக்கு வருவோம். “பெரிய கல் என்றால் ஆபத்து, சின்னக் கல் என்றால் பயமில்லை” என்று நினைக்கிறோம். பித்தக்கல்லில் அளவைவிட இடமே பெரும்பாலும் விளைவைத் தீர்மானிக்கின்றது. நீங்கள் கீறிய படத்தில் கல்லை ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள்.

பையின் அடிப்பகுதியில் கல் சும்மா கிடந்தால் அனேகமாக எதுவும் நடப்பதில்லை. பித்தக்கல் உள்ளவர்களிற் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. வேறு காரணத்துக்காக ஸ்கான் செய்யும்போது தற்செயலாகத் தெரிய வருகின்றது. இத்தகைய கல்லுக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

பையின் கழுத்தில் அல்லது பித்தப்பைக் கானில் கல் சிக்கினால் கதை மாறும். கொழுப்புள்ள உணவின் பின் ஓமோன் கட்டளையிடுகின்றது, பை சுருங்குகின்றது, வழியோ அடைபட்டிருக்கின்றது. வயிற்றின் மேற்பகுதியில் நடுவிலோ வலப்புறத்திலோ கடும் நோ எழுகின்றது. சிலருக்கு அது வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் பரவும். அரை மணி தொடக்கம் சில மணி நேரம் வரை நின்று, கல் விலகியதும் தணிந்துவிடும். ஓங்காளமும் வாந்தியும் கூட வரலாம். நோ தணியாமல் காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பை அழற்சி அடைந்துவிட்டது என்று கருதி உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

என்னிடம் படித்த மாணவி ஒருவரின் தாயாருக்கு இப்படித்தான் வந்தது. கலியாண வீடு, சாமத்திய வீடு போய் வந்த இரவுகளிலே நோ தொடங்கும். விடிய முன் அடங்கிவிடும். இரண்டு வருடம் அதைக் காஸ்ரைற்றிஸ் என்று எண்ணிக் குளிசையும் பாலும் குடித்தார். நோ தானாகவே அடங்கியதனால், மருந்து கேட்கின்றது என்றே எல்லோரும் நம்பினார்கள். இரைப்பை அழற்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நோயாளியே முடிவு செய்வது கடினம். நோ எப்போது வருகின்றது, எங்கே பரவுகின்றது, எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பவற்றைக் கவனித்து வைத்தியரிடம் சொல்வதே நாம் செய்யக்கூடியது. இடைக்கிடை இரவில் மாத்திரம் வந்து போகும் மேல்வயிற்று நோவுக்கு ஒரு ஸ்கான் செய்தாலென்ன என்று அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை.

மூன்றாவது இடம் பொதுப் பித்தக்கான். இங்கேதான் சிறிய கல் பெரிய கல்லைவிட ஆபத்தாகின்றது. பெரிய கல்லுக்குக் கழுத்தைத் தாண்டி இறங்க முடியாது. சிறியது நழுவி இறங்கிப் பொதுக் கானை அடைக்கும். அப்போது ஈரலிலிருந்து வரும் பித்தமும் தடைப்படுகின்றது. குடலுக்குச் செல்ல வழியில்லாத பிலிரூபின் குருதியிற் சேர்வதனால் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. அது சிறுநீருடன் வெளியேறுவதால் சிறுநீர் கடும் சாயத் தேநீரின் நிறத்தை அடைகின்றது. குடலுக்குப் பிலிரூபின் போகாததனால் மலம் தன் நிறத்தை இழந்து வெளிறிய களிமண் போலாகின்றது. உடல் முழுவதும் அரிப்பு ஏற்படலாம். பித்தவுப்பு இல்லாததாற் கொழுப்பும், கொழுப்பிற் கரையும் விற்றமின்களான ஏ, டி, ஈ, கே என்பனவும் சரிவர அகத்துறிஞ்சப்படுவதில்லை. விற்றமின் கே குறைந்தால் குருதி உறைதல் தாமதமாகும். ஒரு கல் ஓரிடத்தில் நின்றதற்கு எத்தனை விளைவுகள் என்று பாருங்கள். இவற்றைத் தனித்தனியாக மனனம் செய்ய வேண்டியதில்லை. பாதையைத் தெரிந்தவர் ஒவ்வொன்றையும் தானே கண்டுபிடிப்பார்.

நான் குறிப்பிட்ட தாயாருக்கும் ஒருநாள் கண் மஞ்சளாயிற்று. செங்கமாரி என்று அயலவர்கள் சொன்னார்கள். கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். செங்கமாரி என்பது ஒரு நோயின் பெயரன்று, பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. வைரசினால் ஈரல் அழற்சி அடைந்தாலும் கண் மஞ்சளாகும், குழாயைக் கல் அடைத்தாலும் மஞ்சளாகும். அரைத்துக் குடிக்கும் எந்த இலையும் குழாயிற் சிக்கிய கல்லை எடுக்காது. மூன்றாம் நாள் அவருக்கு நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. மேல்வயிற்று நோ, மஞ்சள், நடுக்கக் காய்ச்சல் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால், தேங்கிய பித்தத்தில் தொற்று ஏற்பட்டுவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம். அதிட்டவசமாக அன்றிரவே வைத்தியசாலையிற் சேர்த்தார்கள். வாய்வழியாகச் செலுத்திய நெகிழும் குழாய்க் கருவியின் உதவியுடன் கானிலிருந்த கல்லை எடுத்தார்கள். பின்னர் பித்தப்பையும் அகற்றப்பட்டது. அந்த மாணவி இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. வந்த பிறகு, கரும்பலகையில் இந்தப் படத்தை என்னைவிடத் தெளிவாகக் கீறி விளக்கினாள்.

நான்காவது இடம் நீங்கள் தடித்த புள்ளியாகக் குறித்த அந்த வாயில். கல் அங்கே சிக்கினால் பித்தத்தோடு சதையியின் சாறும் தடைப்படலாம். குடலிற் சென்று தொழிற்பட வேண்டிய நொதியங்கள் சதையியினுள்ளேயே தொழிற்படத் தொடங்கி அந்த அங்கத்தையே சேதப்படுத்துகின்றன. இதுவே சதையி அழற்சி. முதுகை ஊடுருவும் கடும் நோவும் விடாத வாந்தியும் இதன் அறிகுறிகள். வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய நோயன்று.

தண்ணீர் குடித்தால் கரையுமா?

கரையாது. சிறுநீரகக் கல்லையும் பித்தக்கல்லையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் பிழை இது. சிறுநீரகக் கற்களிற் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்றினால் ஆனவை. அவை சிறுநீர் செல்லும் பாதையில் உள்ளன. நீரை நிறையக் குடித்தால் சிறுநீர் ஐதாகும், சிறு கற்கள் வெளியேறவும் கூடும். நாம் குடிக்கும் நீர் பித்தப்பையினூடாகச் செல்வதில்லை. படத்தைப் பாருங்கள், வழியே இல்லை.

ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சஞ்சாறும் குடித்தால் கல் மலத்துடன் வெளியேறும் என்றும் ஒரு கதை உலாவுகின்றது. குடித்தவர்கள் பச்சை நிற உருண்டைகளைக் கண்டு மகிழ்கிறார்கள். அவ்வாறான உருண்டைகளை ஆய்வுகூடத்திற் பரிசோதித்தபோது, அவை எண்ணெயிலிருந்து குடலில் உருவான சவர்க்காரம் போன்ற கட்டிகள் எனத் தெரியவந்தது.

கண்டறிதலும் சிகிச்சையும்

பித்தக்கல்லைக் கண்டறியச் சிறந்த எளிய முறை கழியொலிப் பரிசோதனை. நாம் ஸ்கான் என்று சொல்வது. கொலஸ்திரோற் கல்லிற் கல்சியம் குறைவாதலால் சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் பெரும்பாலான கற்கள் தெரிவதில்லை. சிறிய கொலஸ்திரோற் கற்கள் சிலவற்றை மருந்தினால் மெதுவாகக் கரைக்கலாமாயினும் அவை திரும்பவும் உருவாகக்கூடும். ஆகவே அறிகுறியுள்ள நோயாளிக்குப் பித்தப்பையையே அகற்றுவது வழமையான சிகிச்சையாகும்.

கல்லை மாத்திரம் எடுத்துவிட்டுப் பையை ஏன் விட்டுவைக்கக்கூடாது? இக்கேள்விக்கு விடை கண்டவர் ஜேர்மனியைச் சேர்ந்த கார்ல் லங்கன்புக். பை கல்லைக் கொண்டிருப்பதோடு கல்லை உருவாக்கவும் செய்கின்றது என்பது அவரது வாதம். 1882ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் திகதி பேர்ளினில் 43 வயதான ஒருவரின் பித்தப்பையை அவர் முழுமையாக அகற்றினார். நோயாளி பிழைத்துக்கொண்டார். நூறு வருடங்களுக்கு மேல் வயிற்றை நீளமாக வெட்டியே இச்சத்திரசிகிச்சை நடந்தது. 1985இல் எரிச் மியூஹ என்ற இன்னொரு ஜேர்மன் வைத்தியர் சிறு துளைகளினூடாகக் கருவிகளைச் செலுத்தி இதனைச் செய்து காட்டினார். முதலில் அவருடைய முறையைச் சக வைத்தியர்கள் ஏற்கவில்லை. இன்று உலகெங்கும் அதுவே வழமை. நோயாளி ஓரிரு நாளில் வீடு திரும்பக்கூடியதாக உள்ளது.

பித்தப்பை இல்லாமல் வாழலாமா என்று பயப்படுபவர்களுக்கு, இக்கட்டுரையின் முதற் பந்தியே விடை சொல்லும். பித்தத்தைச் சுரப்பது ஈரல். பை அகற்றப்பட்ட பின்னரும் பித்தம் ஈரலிலிருந்து நேரே குடலை அடையும். தொடக்கத்தில் சிலருக்குக் கொழுப்புணவின் பின் வயிற்றோட்டம் ஏற்படலாம். அனேகமாகக் காலப்போக்கில் குறைந்துவிடும்.

பயிற்சி வினா

45 வயதான பெண் ஒருவருக்குக் கொழுப்புணவின் பின் வலப்புற மேல்வயிற்றில் நோ ஏற்பட்டு வந்தது. சில நாட்களாகக் கண்கள் மஞ்சளாகவும் மலம் வெளிறியும் காணப்படுகின்றன.

(அ) கொழுப்புணவின் பின் நோ ஏற்படுவது ஏன்?
(ஆ) கல் தற்போது எவ்விடத்தில் இருக்கலாம்? காரணம் தருக.
(இ) இவரது மலத்தில் சமிபாடடையாத கொழுப்புக் காணப்படுமா? விளக்குக.

முதலில் நீங்களே எழுதுங்கள். பின்னர் கீழுள்ள விடைகளோடு ஒப்பிடுங்கள்.

(அ) கொழுப்பு முன்சிறுகுடலை அடைந்ததும் சுரக்கப்படும் ஓமோன் பித்தப்பையைச் சுருங்கச் செய்கின்றது. வெளியேறும் வழியைக் கல் தடுப்பதால் நோ ஏற்படுகின்றது. “கொழுப்பு ஒத்துக்கொள்ளாததால்” என்று எழுதினால் புள்ளி இல்லை.

(ஆ) பொதுப் பித்தக்கானில். பித்தப்பைக் கானில் மாத்திரம் அடைப்பு இருந்தால் ஈரலிலிருந்து வரும் பித்தம் தடையின்றிக் குடலை அடையும், எனவே பொதுவாகக் கண் மஞ்சளாகாது, மலமும் வெளிறாது. இங்கு இரண்டும் காணப்படுவதால் தடை பொதுப் பாதையிலேயே உள்ளது.

(இ) ஆம். இலிப்பேசு சுரக்கப்பட்டாலும், பித்தவுப்பு இல்லாமையால் கொழுப்புக் குழம்பாக்கம் அடைவதில்லை. பெரிய துளிகளின் மேற்பரப்பில் மாத்திரமே நொதியம் தொழிற்பட முடிவதால் ஒரு பகுதி கொழுப்புச் சமிபாடடையாமல் வெளியேறும்.